ரன்னிங் பேக்கின் முழங்கால்

அமெரிக்கன் ஃபுட்பாலில் ரன்னிங் பேக்கின் முக்கிய வேலை, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறித்து நிற்கும் மலை போன்ற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது. முப்பது வயதைத் தொட்டாலே அவரைக் கிழவராகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வாங்கும் அடிகள் ஒருபக்கம் இருக்க, இதில் முழங்காலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நேராக ஓடுகிறவரை மடக்குவது சுலபம். அதனால் ஓட்டத்தின் நடுவே இடது காலை அழுத்தி ஊன்றி, வலப்பக்கம் சட்டென்று ஒடித்துத் திரும்புவார். அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஷூவின் அடியில் உள்ள குமிழ்கள் புல்லில் பதிந்து, பாதம் அசையாமல் நிற்கிறது. மேலே சுமார் 100 கிலோ உடம்பு பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது முழங்கால். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது, மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற ஜவ்வு. அதன் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். ஊன்றிய காலில் இன்னொருவர் வந்து மோதினால் அது தாங்காது.

மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஏட்ரியன் பீட்டர்சனுக்கு 2011 டிசம்பர் 24 அன்று நடந்தது அதுதான். இடது முழங்காலில் ஏசிஎல் அறுந்தது. மூட்டில் மற்ற காலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் எம்சிஎல் என்ற ஜவ்வும் கிழிந்தது. எம்சிஎல் பல நேரங்களில் தானாகவே ஆறிவிடும். ஏசிஎல் அப்படி ஆறுவது அரிது. மூட்டுக்குள் ஊறும் திரவம் இரத்தக் கட்டியை நிற்கவிடாமல் கலைத்துவிடுவதால், அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒட்டுப்பாலம் அமைவதில்லை.

அதனால் புது ஜவ்வுதான் வைக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியில் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அந்தப் பட்டை உடனே உயிர்த்துவிடாது. முதலில் அதன் செல்கள் சாகின்றன. பிறகு இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, புதிய செல்கள் குடியேறுகின்றன. வீக்கம் வடிந்து, வலி குறைந்து, "சரியாகிவிட்டது" என்று வீரர் நம்பும் முதல் சில மாதங்களில்தான் பட்டை மிகவும் பலவீனமாக இருக்கிறது. அவசரப்படுகிறவர்களுக்கு மறுபடி அறுவது இதனால்தான். ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வதும் இதனால்தான்.

பீட்டர்சன் அதற்குள்ளாகவே, 2012 செப்டம்பரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். அவரை அளவுகோலாக வைத்து மற்றவர்களை எடைபோடுவது பெரிய அநியாயம் என்பேன். டென்வர் பிராங்கோஸின் டெரல் டேவிஸைப் பாருங்கள். 1998-இல் 392 முறை பந்தைச் சுமந்து 2,008 கெஜம் ஓடியவர். மறு ஆண்டு நான்காவது ஆட்டத்தில் வலது முழங்கால் ஜவ்வுகள் அறுந்தன. அதன்பின் அவர் ஆடியது 13 ஆட்டங்கள் மட்டுமே. உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை.

பீட்டர்சனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. சரியாக ஓராண்டு கழித்து, கிரீன் பே அணிக்கு எதிரான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 199 கெஜம் ஓடினார். அவருடைய கடைசி ஓட்டம் மட்டும் 26 கெஜம். பருவத்தின் மொத்தம் 2,097. ஒரே பருவத்தில் அதிக கெஜம் ஓடியதற்கு எரிக் டிக்கர்சன் 1984-இல் வைத்த சாதனையைத் தொட இன்னும் 8 கெஜம் பாக்கி இருந்தது.