"பெத்த அப்பன்தானே" என்று சொல்பவர்களுக்கு

நான் மிஸியாக (நர்ஸாக) இருக்கும் கிளினிக்கில் இந்த மாதம் இது மூன்றாவது. தூங்காத கண்ணோடு, அப்பாவின் மருந்து அட்டையை நீட்டிக்கொண்டு ஒரு மகள். கூட வந்த அத்தை முந்திக்கொள்கிறார்: "பெத்த அப்பனைக் குளிப்பாட்ட இவளுக்குக் கை கூசுது, மிஸி."

கூசத்தான் செய்யும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துவிட்டு வந்து அவளை அடித்தவர் அந்த அப்பா. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அது யாருக்குத் தெரியாது? இன்று மறதிநோய். பொழுது சாய்ந்தால் கை ஓங்குகிறார். 53 வயது மகள் அடுப்படி மூலையில் போய் ஒண்டிக்கொள்கிறாள்.

இங்கே மலேசியாவில், எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு பாட்டி, பூட்ஸ் சத்தம் கேட்டாலே நடுங்குவார். 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர். "பாவம், ஜப்பான்காரன் காலத்துப் பயம்" என்று உச்சுக்கொட்டுகிறோம். மகளின் பயத்துக்கு மட்டும் நன்றிகெட்டவள் என்று பெயர். பாசம் குறைந்ததால் வருவதல்ல இது. மூன்று வருடமாகச் சோறு ஊட்டுவதும் மூத்திரத்துணி அலசுவதும் அவள்தான். பாசமும் பயமும் ஒரே ஆளுக்குள் இருக்கும். கடமையைச் சொல்லிக் குத்தினால் பயம் போகாது, வாய்தான் மூடிக்கொள்ளும். பல வருடம் நானும் "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்பியவள்தான்.

குளிப்பாட்டுவதை அண்ணன் தம்பி செய்யட்டும். ஆம்பளைக்கு வாளி தூக்கத் தெரியாதா? அவளேதான் செய்ய வேண்டுமென்றால் முன்னால் நின்று, சொல்லிவிட்டு, கையை முதலில் தொட வேண்டும். பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். வாதாடாதீர்கள், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வாசல் உங்கள் பக்கம் இருக்கட்டும். கை ஓங்கினால் வெளியே வந்துவிடுங்கள், பத்து நிமிடம் கழித்துப் போகலாம். பாராங் கத்தியைப் பூட்டி வையுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று முரண்டு கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். சிறுநீரில் கிருமியோ மலச்சிக்கலோ வலியோ இருக்கலாம். உடனே கிளினிக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கள் கிளினிக் ஆட்களுக்கும் ஒன்று: கிழவரின் பிரஷர் பார்த்த கையோடு மகளிடம் "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேளுங்கள். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

மனம் தாங்காத நேரத்துக்கு மனநல உதவி எண் ஹீல் 15555. வீட்டில் அடி விழுந்தால் அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. தயவுசெய்து கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

புதன்கிழமை அவளைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன். அவள் வந்து திரும்பும்வரை அப்பாவை யார் பார்ப்பது என்று அத்தை இழுத்தார். "கூடப்பிறந்த அண்ணன்தானேம்மா, நீங்கதான்" என்றேன்.