நீலகிரியிலிருந்து வெளிநாட்டுக்கு விலை உயர்ந்த பொருளைத் தபாலில் அனுப்புகிறீர்களா?

ஊட்டியைச் சுற்றியுள்ள மந்து என்னும் சிற்றூர்களில் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைத்த ஒரு பூத்துக்குளிச் சால்வையை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, கனடாவில் இருப்பவர் இன்று நேரடியாகவே வாங்கிவிடலாம். பணமும் வந்துவிடும். ஆனால் பல வாரம் குனிந்து உட்கார்ந்து தைத்த அந்தச் சால்வை வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு?

2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023 இதற்குப் பதில் சொல்கிறது. விதிகளில் வரையறுத்த அளவுக்கு மேல் அஞ்சல் துறைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. சால்வையின் விலை 12,000 ரூபாய் என்பதற்காக, தொலைந்ததும் 12,000 கைக்கு வந்துவிடாது. எனவே பார்சலைக் கவுன்ட்டரில் கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சரியாகச் செய்து வைத்துவிட வேண்டும்.

விற்பனைக்கு அனுப்புகிறவர்களுக்கு அஞ்சல் துறை நடத்தும் வசதியின் பெயர் டாக் கர் நிர்யாத் கேந்திரா. அஞ்சலகத்திலேயே இயங்கும் ஏற்றுமதி மையம் இது. 2022 டிசம்பரில் சுங்கத் துறை கொண்டுவந்த விதிகளின்படி, ஏற்றுமதிப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பி, லேபிளை அச்செடுத்து ஒட்டி, பார்சலை அந்த அஞ்சலகத்தில் கொடுத்தால் போதும். சுங்க அதிகாரிகள் படிவத்தைக் கணினி வழியாகவே பார்த்து அனுமதிப்பார்கள். மலையிலிருந்து இறங்கிச் சுங்க அலுவலகம் தேடி அலைய வேண்டியதில்லை. இதுவே எனக்கு இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பயனாகத் தெரிகிறது. உங்களுக்கு அருகில் எந்த அஞ்சலகத்தில் இந்த மையம் உள்ளது என்று ஊட்டி அல்லது குன்னூர் தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பான் எண், வங்கிக் கணக்கு விவரங்களோடு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும், மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கிவிடும்.

வாங்குகிறவர்கள் அடிக்கடி வைக்கும் ஒரு கோரிக்கை உண்டு: "விலையைக் குறைத்துப் போட்டு, கிஃப்ட் என்று எழுதிவிடுங்கள், எனக்கு வரி மிச்சம்." தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 12,000 ரூபாய்ச் சால்வைக்கு 2,000 என்று எழுதிக் கையெழுத்திட்டவர், அது தொலைந்த பிறகு 12,000 கேட்டு நிற்க முடியாது. பொய் விவரம் கொடுத்த குற்றமும் சுங்கச் சட்டப்படி நம் தலையில்தான் விழும். வரி அவர் கட்ட வேண்டியது. அதை விற்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 800 டாலர் வரை வரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் முடிந்துவிட்டது. அதன் பிறகு அங்கே போகும் பார்சல்களுக்கு வரியை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் முறை வந்தது. விலை பேசும் முன் அன்றைய வரி விகிதத்தைக் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். எல்லா நாடுகளுக்கும் இந்த வசதி இல்லை. எவ்வளவு தொகை வரை என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். "இந்த நாட்டுக்கு, இந்தச் சேவையில், எவ்வளவு வரை இன்சூர் செய்யலாம்?" என்று கேளுங்கள். பொருளின் உண்மையான விலைக்கு மேல் இன்சூர் செய்யக் கூடாது. வேண்டுமென்றே கூட்டிப் போட்டது தெரிந்தால் இழப்பீடே கிடைக்காது. சரியாகக் கட்டாததால் உடைந்தாலோ, சேரும் நாட்டின் சட்டப்படி பறிமுதல் ஆனாலோ, அப்போதும் இழப்பீடு இல்லை.

கட்டுவதில் நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் தனி கவனம் வேண்டும். ஈரம் ஏறிய துணியை அப்படியே பாலித்தீனில் அடைத்தால் போய்ச் சேரும்போது பூஞ்சை வாடை அடிக்கும். நன்றாக உலர்த்தி, பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு ஒட்டி, அதன் பிறகு கெட்டி அட்டைப்பெட்டியில் வையுங்கள். சால்வையை விரித்து, பின்பக்கத் தையல் தெரிய ஒரு படம். பெட்டியில் வைத்து மூடி டேப் ஒட்டுவது வரை இடையில் வெட்டாத ஒரு வீடியோ. தராசில் எடை தெரிய இன்னொரு படம். அந்த எடையும் ரசீதில் இருக்கும் எடையும் ஒத்துப்போக வேண்டும். "பெட்டி காலியாக வந்தது" என்று யாராவது சொன்னால் உங்கள் பக்கம் பேசப்போவது இவைதான்.

பேபால் என்ற இணையவழிப் பணச் சேவை மூலம் பணம் வாங்கினால், பணப் பரிமாற்றப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்புங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் வேறு முகவரி கொடுத்து அங்கே அனுப்பச் சொன்னால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆர்டர் போடச் சொல்லுங்கள். முகவரி மாறினால் பேபால் விற்பவருக்குத் தரும் பாதுகாப்பு போய்விடும். தொகை 750 டாலரோ அதற்கு மேலோ என்றால், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்ததற்கான சான்றும் வேண்டும். வாங்கியவர் 180 நாள் வரை புகார் செய்யலாம் என்பதால், எந்த ரசீதையும் அதற்கு முன் தூக்கி எறியாதீர்கள்.

சில பொருட்களை அனுப்பவே கூடாது. பழைய பங்களாக்களிலிருந்து வரும் சிலை, ஓவியம், கலைப்பொருள் போன்றவை 100 ஆண்டு கடந்தவையாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது, சிறைத் தண்டனை உண்டு. வயது சந்தேகமாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குங்கள். சுவரில் மாட்டிய மான் கொம்பு, தந்தம் எதையும் தொடவே வேண்டாம். நம் ஊர் யூகலிப்டஸ் தைலமும் எளிதில் தீப்பற்றக்கூடியது. பரிசாகக்கூட விமானத் தபால் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

பார்சல் சேரவில்லையா? உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி, அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். டிராக்கிங் ஓரிடத்திலேயே நின்றுவிட்டால் உடனே அஞ்சலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்தோ நனைந்தோ போய்ச் சேர்ந்தால், வாங்கியவர் அங்குள்ள தபால்காரரிடம் அப்போதே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பெட்டியையும் உறைகளையும் ஆய்வு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். இதை அனுப்பிய அன்றே அவருக்குச் செய்தியாக எழுதிவிடுங்கள்.