ஃபாண்ட் மாற்றினால் முருகன் திரும்பி வரமாட்டார்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல், 412 பெயர்கள், பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். திறந்தால் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. "நல்ல ஃபாண்டா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி, சரியாயிடும்" என்கிறார் பெரியவர்.

ஆகாது ஐயா.

இது பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட் காலத்து நம்பிக்கை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் போவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. உள்ளே இருப்பது ஆங்கிலம், மேலே தமிழ் வேஷம். வேஷம் இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். ஃபாண்டைப் போட்டதும் தமிழாகிவிடும். அன்றைக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு வந்து எத்தனை வருஷமாகிறது! தமிழக அரசே 2010-ல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இப்போது கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் ஃபாண்டைத் தேடுங்கள்.

தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகிறதா? பதறாதீர்கள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் உள்ள கோப்பை வேறு என்கோடிங்கில், அதாவது வேறு முறையில், திறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எதையும் சேமிக்காமல் மூடுங்கள். எக்செலில் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள்; அதுதான் யூடிஎஃப்-8க்கான எண்.

கேள்விக்குறி அப்படியல்ல. அங்கே தமிழ் போயே போய்விட்டது. 'முருகன்' 7 கேள்விக்குறி. உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'செல்வன்' என்றாலும் அதே 7. எது யாரென்று எந்த மென்பொருள் சொல்லும்?

பெரியவர் எக்செலில் ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறார். அச்சகத்தில் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, கேட்டார்களாம். சேமிக்கும் வகைகளில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்க, சாதா சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டார். தமிழெல்லாம் கேள்விக்குறியானது அங்கேதான். அதோடு விட்டாரா? "ஒரே பேர்ல ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை அழிச்சுட்டேன்." அழித்தது மூலக்கோப்பை. ரீசைக்கிள் பின்னும் காலி.

தயவுசெய்து மூலத்தை அழிக்காதீர்கள். பழைய நோட்பேடில் தமிழ் தெரியாத 'ஆன்சி' முறையில் சேமிக்காதீர்கள். கிறுக்கலாக வந்த மின்னஞ்சலை நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். சிக்கல்மேல் சிக்கல் சேரும், அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள்.

ஜிப் கோப்புக்குள் தமிழ்ப் பெயர்கள் குதறப்பட்டு வந்தால் உள்ளடக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கோப்புக்கு முழு வாக்கியத்தையே பெயராக வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: லினக்ஸில் வழக்கமான வரம்பு 255 பைட்டு, தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 போகும். 85 குறிக்கு மேல் ஏற்காது.

பெரியவர் இப்போது ரசீதுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார். நேற்று வரை 130 பெயர் முடிந்திருக்கிறது.