ஆற்றங்கரையிலேயே பூட்ட வேண்டிய ஆக்சிஜன்

ஏரியில் மீன் செத்து மிதக்கும் நாளில், ஊரில் அக்கறையுள்ள யாராவது ஒருவர் குடிநீர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் மொண்டுகொண்டு, பஸ் பிடித்து ஆய்வகத்துக்குப் போவார். "இதில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார். அந்த அக்கறை பெரிய விஷயம். ஆனால் அந்தத் தண்ணீரால் இனி பதில் சொல்ல முடியாது. பாட்டிலில் காலியாக இருந்த இடத்துக் காற்று, பஸ் குலுங்கக் குலுங்கத் தண்ணீருக்குள் புகுந்திருக்கும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களோ வழி நெடுக ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே வந்திருக்கும். கடைசியில் கிடைப்பது பாட்டிலின் கணக்கு. ஏரியின் கணக்கு வழியிலேயே தொலைந்துவிட்டது.

இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்றால், தண்ணீரில் ஆக்சிஜன் இருப்பதே மிகக் கொஞ்சம். நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நன்னீர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்வதோ லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். மீன் பிழைப்பது இந்தச் சொற்பத்தில். இந்தியாவில் குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு வைத்திருக்கும் அளவுகோல், லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம்.

இந்தச் சொற்பத்தை ஆற்றங்கரையிலேயே பூட்டி வைக்க ஒரு வழி உண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த லாயோஸ் விங்க்லர் 1888-இல் வெளியிட்ட முறை அது. இவ்வளவு காலம் கழித்தும் அதே அடிப்படையில்தான் செய்கிறோம்.

300 மில்லிலிட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். சாதாரண பாட்டில் இல்லை. இதன் கண்ணாடி மூடி அடியில் கூம்பலாக, சரிவாக வெட்டியிருக்கும். மூடும்போது ஒரு குமிழி காற்றுகூட உள்ளே தங்காமல் வழுக்கி வெளியேறிவிடும். தண்ணீரைச் சலசலவென்று ஊற்றாமல், குழாயின் நுனியை பாட்டிலின் அடிவரை விட்டு, வழிய வழிய நிரப்ப வேண்டும். அப்புறம் பிப்பெட் என்ற அளவுக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, அடுத்து காரம் கலந்த அயோடைடு கரைசல் 2 மில்லி. மூடி, நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் பாட்டிலுக்குள் மேகம் போல ஒரு வீழ்படிவு திரளும்.

அதன் நிறத்தைப் பாருங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு. துளியும் இல்லை என்றால் வெள்ளை. இந்த வீழ்படிவான மாங்கனீஸ் ஹைட்ராக்சைடு பிறக்கும்போது வெள்ளைதான். அங்கேயே கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டதும் பழுப்பாகிவிடுகிறது. சென்னைக்குள் ஓடும் கூவத்தில் கரைந்த ஆக்சிஜன் சுழி என்று பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒரு நதியின் தண்ணீர் பாட்டிலுக்குள் வெள்ளையாகவே நின்றுவிடுவதைப் பார்த்தால், ரீடிங் எதுவும் எடுக்காமலேயே மனசு கனத்துவிடும்.

அடுத்தது கந்தக அமிலம். வீழ்படிவு கரையும், மாங்கனீஸ் பிடித்து வைத்த ஆக்சிஜனுக்குச் சரிசமமான அளவில் அயோடின் வெளியே வந்து, தண்ணீர் கஷாய நிறமாகும். இந்த அயோடினைத்தான் ஆய்வகத்தில் அளக்கிறோம். ப்யூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, கஷாய நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசல் சேர்த்தால் கருநீலம். இன்னும் சில சொட்டு விட்டதும் நீலம் சட்டென்று மறையும். அதுதான் முடிவு. கணக்கும் சுலபம்: 200 மில்லி சாம்பிளுக்கு 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட் என்று வைத்துக்கொண்டால், இறங்கிய ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். சாக்கடை கலந்த நீரில் நைட்ரைட் இருக்கும். அதுவும் அயோடினை வெளியே தள்ளி ரீடிங்கை ஏற்றிக் காட்டும் என்பதால் அந்த அயோடைடு கரைசலிலேயே சோடியம் அசைடையும் சேர்ப்பது வழக்கம்.

எப்போது எடுத்த தண்ணீர் என்பதும் முக்கியம். பச்சைப் பாசி படர்ந்த ஏரியில் நண்பகலில் சாம்பிள் எடுத்தால் எண் பிரமாதமாக இருக்கும். பாசி வெயிலில் ஆக்சிஜனை வாரி விட்டுக்கொண்டிருக்கும். இரவில் அதே பாசி சுவாசித்துச் சுவாசித்து இருப்பதைக் கரைத்துவிடும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். இறால் பண்ணைக்காரர்கள் ராத்திரி முழுக்க தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட்டுவது இதற்காகத்தான். பகல் பன்னிரண்டு மணி ரீடிங்கை மட்டும் காட்டி ஏரி நலமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், காலை ஐந்து மணி ரீடிங் எங்கே என்று கேளுங்கள்.

பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) என்று செய்திகளில் அடிக்கடி வருகிறதே, அதுவும் இதே பாட்டில் வேலைதான். ஒரே தண்ணீரில் இரண்டு பாட்டில். ஒன்றை இன்றே அளக்கிறோம். மற்றதைப் பாசி ஆக்சிஜன் தயாரித்துவிடாதபடி இருட்டில் வைத்து, 27 டிகிரியில் 3 நாள் கழித்து அளக்கிறோம். இடையில் குறைந்தது, அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் செலவழித்த ஆக்சிஜன். பிரிட்டனில் வேரூன்றிய பழைய வழக்கம் 20 டிகிரியில் 5 நாள். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப இந்தியத் தரநிலை இப்படி மாற்றிக்கொண்டது. குளிக்கத் தகுந்த நீரில் இந்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுச் சாக்கடையில் 200-க்கு மேல் போவது சகஜம். இருக்கும் ஏழெட்டு மில்லிகிராம் அதற்கு எந்த மூலைக்கு? அதனால் அப்படிப்பட்ட சாம்பிளை நல்ல தண்ணீரில் பல மடங்கு கலக்கித்தான் சோதிக்க முடியும்.

இப்போது தண்ணீருக்குள் நேரே இறக்கும் மீட்டர்கள் வந்துவிட்டன. ஒளியால் அளப்பவை எனக்குப் பிடித்தவை. முனையில் இருக்கும் ஒரு சாயப்பூச்சின் மேல் நீல ஒளி விழும். பூச்சு சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறதோ அவ்வளவு ஆக்சிஜன். இரவு பகலாக ஆற்றிலேயே கிடந்து ரீடிங் அனுப்ப இவற்றால் முடியும். ஆனால் முனையில் பாசி படிந்தால் எண் தடுமாறும். அந்த எண்ணை நம்பலாமா என்று சரிபார்க்க இன்றும் கைகொடுப்பது விங்க்லரின் டைட்ரேஷன், அதாவது அந்தச் சொட்டுக் கணக்கு.

சரி, மீன் செத்த ஏரிக்கு வருவோம். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கேட்டால் அந்த பாட்டிலும் கரைசல்களும் கிடைக்கலாம். அமிலத்தைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் கரைக்குப் போய், அங்கேயே மாங்கனீஸ் சல்பேட், அயோடைடு கரைசல், அமிலம் மூன்றையும் சேர்த்து, வெயில் படாமல் துணியில் சுற்றி, 8 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். அப்புறம் பஸ் எவ்வளவு குலுங்கினாலும் கவலையில்லை.