எடை கூடியவர்களே, அடுத்த விண்ட்சர்ஃபிங் போர்டில் லிட்டரைக் குறைக்க அவசரப்படாதீர்கள்

அடிக்கடி பார்ப்பதுதான், இந்த வாடைக் காலத்திலும் நடந்தது. போன சீசனில் 205 லிட்டர் கன அளவுள்ள போர்டில் விண்ட்சர்ஃபிங் (போர்டின் மேல் நின்று, பாயைப் பிடித்துக் காற்றில் ஓட்டுவது) கற்றவர் ஒருவர், இந்த முறை சொந்த போர்டோடு ராமேஸ்வரம் வந்து இறங்கினார். நன்றாகத் தேறியவர்தான். தானே பாயைத் தூக்கி, ஓட்டி, திருப்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார். எடை 98 கிலோ. வாங்கி வந்திருந்தது 115 லிட்டர் பழைய போர்டு.

கயிற்றைப் பிடித்து, தண்ணீரில் கிடக்கும் பாயை இழுக்க நின்றதுமே போர்டு கணுக்கால் அளவு தண்ணீருக்குள் போய்விட்டது. பாய் பாதி எழும்பும், போர்டின் மூக்கு ஒரு பக்கம் தாழும், ஆள் விழுவார். திரும்ப ஏறுவார், திரும்ப விழுவார். கை ஓய்ந்து உட்கார்ந்தபோது காற்று அவரைக் கரையோரமாகவே வெகுதூரம் தள்ளியிருந்தது. நாட்டுப்படகில் வந்த மீனவர் ஒருவர்தான் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் என்னிடம் வந்து, "என் உடம்புக்கு இது ஒத்துவராது போல, சார். எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. விற்றவர் அவர் எடையைக் கேட்கவே இல்லை. "இனிமேல் பெரிய போர்டு எதற்கு, நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ஆள் 98 கிலோ. போர்டு 9. ஏழரைச் சதுர மீட்டர் பாய், மாஸ்ட் (பாய்மரக் கம்பம்), பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) எல்லாம் சேர்த்து 10. லைஃப் ஜாக்கெட், ஹார்னஸ் (உடலைப் பூமோடு கோக்கும் பட்டை), நனைந்த துணி 3. மொத்தம் 120 கிலோ. 115 லிட்டர் போர்டு முழுக்க முங்கினாலும் கடல்நீரில் தாங்குவது 118 கிலோதான். அதாவது பாய் எழுந்து நின்றதும் போர்டு மிதக்கவே முடியாது. இதே போர்டில் 65 கிலோ ஆள் நின்றால் முப்பது கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கும். அவர் சுலபமாகப் பாயைத் தூக்குவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, தனக்குத்தான் திறமை போதவில்லை என்று இவர் நினைத்துக்கொள்கிறார்.

பெரிய போர்டு என்றால் கற்றுக்குட்டிகளுக்கு, சின்ன போர்டு என்றால் தேர்ந்தவர்களுக்கு என்ற நினைப்பை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. 2008 பெய்ஜிங் முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் ஓட்டிய ஆர்எஸ்:எக்ஸ் போர்டின் அகலம் 93 செ.மீ. உலகத்தின் தலைசிறந்த வீரர்கள், அதுவும் உங்களைவிட எடை குறைந்தவர்கள், அதில்தான் பதக்கம் வாங்கினார்கள். பாரிஸில் வந்த ஐக்யூஃபாயில் போர்டும் 95 செ.மீ. அகலம். காற்று குறைவாக இருந்தாலும் பெரிய பாயைத் தாங்கிப் போக அகலம் வேண்டும், அவ்வளவுதான். சின்ன போர்டு பலத்த காற்றுக்கும் அலைக்கும் உரியது. தேர்ந்த ஓட்டுநர்கள் காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் போர்டை எடுக்கிறார்கள். லிட்டர் குறைவது பதவி உயர்வு அல்ல. தயவுசெய்து இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

"எப்படியும் தேறிவிடுவேன், அதனால் ஒரு படி தாண்டியே வாங்கிவிடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். எதில் தேறுவீர்கள்? நிற்கவே முடியாத போர்டில் ஒரு மணி நேரம் இருந்தால், அதில் ஐந்து நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டீர்கள்.

சரி, எதை வாங்குவது? பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்கும் கட்டத்தில் இருக்கும்வரை உங்கள் எடையோடு 55, 60 சேர்த்துக்கொள்ளுங்கள். 95 முதல் 100 கிலோ என்றால் 150 முதல் 160 லிட்டர். அகலம் 80 செ.மீ. அளவில் இருக்கட்டும். லிட்டரை மட்டும் பார்த்துக் குறுகலான பழைய நீளப் போர்டை வாங்கிவிடாதீர்கள். ஃபுட்ஸ்ட்ராப் (கால் நுழைக்கும் பட்டை) மாட்டும் துளைகள் உள்பக்கமாகவும் இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் இருந்தால் இப்போது உங்கள் கால் எட்டாது. ஹார்னஸும் ஃபுட்ஸ்ட்ராப்பும் பழகி, வாட்டர்ஸ்டார்ட்டும் (தண்ணீரில் கிடந்தபடியே பாயில் காற்றைப் பிடித்து எழுவது) கைவந்த பிறகு 130, 140க்கு இறங்கலாம். அப்போதும் அந்தப் பெரிய போர்டை விற்காதீர்கள், காற்று குறைந்த நாளில் கடலுக்குப் போக அதுதான் கைகொடுக்கும்.

டாகர்போர்டு (போர்டின் நடுவில் கீழே இறங்கும் பலகை) உள்ளே மடங்குகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. காற்று விழுந்தாலும் எதிர்காற்றில் ஏறிக் கரை சேர அதுதான் துணை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் எங்கள் வடகரையில் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். அந்தப் பக்கம் சர்வதேச எல்லைக்கோடு வேறு இருக்கிறது. அந்த நேரத்தில் டாகர்போர்டு இல்லாமல், தனியாக, புதுப் போர்டோடு இறங்குபவரை நான் தண்ணீருக்குள் விடுவதில்லை. சண்டைக்கு வந்தாலும் விடுவதில்லை.

பாயையும் மறந்துவிடாதீர்கள். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றில் 70 கிலோ ஆள் ஆறரைச் சதுர மீட்டர் பாயில் பிளேனிங் (போர்டு தண்ணீர்மேல் எழும்பி வழுக்கி ஓடுவது) வருவார். உங்களுக்கு ஏழரை, எட்டு வேண்டியிருக்கும். வாங்குகிற போர்டு அந்த அளவுப் பாயைத் தாங்குமா என்று கேளுங்கள். ஃபின்னும் (போர்டின் அடியில் பின்பக்கம் இருக்கும் துடுப்பு) அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். ஆனால் பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். நீள ஃபின் தரையில் இடித்தால் நீங்கள் பூமோடு முன்னால் தூக்கி எறியப்படுவீர்கள். பின்பக்கம் சாய்ந்த புல் ஃபின் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதில் புல் சிக்காமல் நழுவிப் போகும்.

பழைய போர்டு என்றால் ஒரு தராசும் எடுத்துப் போங்கள். தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூட இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். கால் வைத்து நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் மேல்தோல் உள்நுரையிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஃபின் பெட்டியின் ஓரங்களில் விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, உங்கள் பாயை மாட்டி, நீங்களே தூக்கிப் பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.