கரெண்ட் வந்த வேகத்தில் ஏன் மறுபடி போகிறது?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருப்பதால் அங்கே சில மாதங்கள் தங்கிவிட்டு வந்திருக்கிறார். அந்த ஊருக்கு மின்சாரம் கொடுப்பது ஒரு கூட்டுறவு சங்கம். வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு பெட்டி. சாயங்காலமானால் சங்கம் எங்கிருந்தோ சிக்னல் அனுப்பி ஹீட்டரை அணைத்துவிடுகிறது, இரவு எல்லோரும் படுத்த பிறகு மறுபடி போடுகிறது. இதற்குச் சம்மதித்தவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. "எப்போது போட்டாலும் அதே தண்ணீரை அதே சூட்டுக்குத்தானே கொண்டுவர வேண்டும்? யூனிட் குறையப் போவதில்லை. பிறகு எதற்குத் தள்ளுபடி? நம் அடுக்குமாடியில் இப்படி ஏதாவது செய்ய முடியுமா?" இதுதான் அவர் கேள்வி. கரெண்ட் வந்த வேகத்தில் மறுபடி போவதற்கான காரணமும் இதன் விடைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்தச் சங்கங்களைப் பற்றிக் கொஞ்சம். 1930களில் அமெரிக்காவின் தனியார் மின் நிறுவனங்கள் கிராமங்களுக்குக் கம்பி இழுக்க முன்வரவில்லை. 1936-ல் வந்த ஊரக மின்மயச் சட்டத்தின் கீழ் அரசு கடன் கொடுக்க, விவசாயிகள் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்று அப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் 900 இருக்கின்றன, 4 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் தருகின்றன. இந்தியாவிலும் முயற்சி நடந்தது. கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் தெலங்கானாவின் சிர்சில்லாவிலும் அரை நூற்றாண்டைத் தாண்டிய மின் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் இ.பி. ஒன்றுதான்.

இந்தச் சங்கங்களில் பல தாங்களே மின்சாரம் தயாரிப்பதில்லை, மொத்த விலைக்கு வாங்கி விநியோகிக்கின்றன. அந்த மொத்த விலை பில்லில் இரண்டு கணக்கு இருக்கும். மாதம் முழுக்க எத்தனை யூனிட் வாங்கினார்கள் என்பது ஒன்று. அந்த மாதத்தின் உச்ச நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுத்தார்கள் என்பது இன்னொன்று. உச்சம் எவ்வளவோ, அதற்குத் தக்க மின்நிலையமும் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் இருந்தாக வேண்டும், வருடத்தில் சில மணி நேரமே அவை முழுதாகப் பயன்பட்டாலும். அங்கே ஒரு வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டர் சாதாரணமாக 4.5 கிலோவாட். ஆயிரம் வீட்டு ஹீட்டர்களைச் சாயங்கால உச்சத்திலிருந்து நகர்த்தினால் சங்கத்துக்குப் பெரிய தொகை மிச்சம். அதில் ஒரு பங்குதான் தள்ளுபடியாகத் திரும்புகிறது.

கம்பியில் வீணாகும் மின்சாரமும் குறைகிறது. கம்பி சூடாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்போம். ஒரே அளவு யூனிட்டை இரண்டு மணி நேரத்தில் இழுப்பதற்குப் பதில் ஒரு மணி நேரத்தில் இழுத்தால் மின்னோட்டம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. நேரம் பாதி என்பதால் கம்பியில் போகும் மொத்த நஷ்டம் இரட்டிப்பாகிறது. வீட்டு மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். தெருக் கம்பி அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கம்ப்ரஸர் எந்நேரமும் ஓடுவதில்லை. உள்ளே குளிர் போதுமானதும் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், சூடு ஏறியதும் மறுபடி போடும். தோராயமாக நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடுகிறது என்று வைப்போம். 30 வீடுள்ள ஒரு குடியிருப்பில் எந்த நிமிடத்தில் போய் எண்ணினாலும் சராசரியாகப் பத்து கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் ஆறு, சில சமயம் பதினான்கு. பெரும்பாலும் ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில். இதே கணக்கை 3,000 வீட்டுக்குப் போட்டால் சராசரி 1,000. ஆனால் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 950-லிருந்து 1,050-க்குள் அடங்கிவிடுகிறது. வீடுகள் நூறு மடங்கு கூடினால் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் கூடும். அதாவது, கூட்டம் பெருகப் பெருகச் சராசரியோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை, எந்த ஃப்ரிட்ஜுக்கும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைத் தெரியாது, ஆனாலும் தெருவின் மொத்த இழுப்பு கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதில் ஆச்சரியம் தீருவதில்லை.

மின் பொறியாளர்கள் இதை நம்பித்தான் ஊரையே கட்டியிருக்கிறார்கள். அறுபது வீட்டுக்குத் தலா 5 கிலோவாட் அனுமதி கொடுத்தால் காகிதத்தில் 300 கிலோவாட் வரும். ஆனால் எல்லா வீட்டிலும் எல்லாமும் ஒரே நொடியில் ஓடாது என்பதால் அதில் பாதித் திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரே தாராளமாகப் போதும். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்த கல்யாணத்தில் 200 பேர் உட்காரும் பந்தி போதுமாக இருப்பது போலத்தான், ஆட்கள் முன்னும் பின்னுமாக வருகிற வரை.

அந்த முன்னும் பின்னும் குலைகிற ஒரு சமயம் உண்டு. மே மாதம், இரவு பத்தரை மணி. கேபிளில் ஏதோ பழுது, கரெண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்துச் சரிசெய்து, சப்-ஸ்டேஷனில் ஸ்விட்சைப் போடுகிறார்கள். தெருவே ஆரவாரம் செய்கிறது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, மறுபடி போய்விட்டது. "வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று திட்டாத ஆள் இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் வீடுகளுக்குள் என்ன நடந்தது? மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ்கள் எல்லாமே உள்ளே சூடாகிவிட்டன. இப்போது ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டும் "ஓடு" என்கிற நிலையில் காத்திருக்கிறது. படுக்கையறைகள் எல்லாமே புழுங்கிக் கிடக்கின்றன, ஏசிகள் அனைத்தும் முழு வேகத்தில் ஓடத் தயார். வேகத்தைக் குறைத்து மெல்ல ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் ஏசிகளும் அப்படியே. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு யூபிஎஸ் பேட்டரி காலியாகி, சார்ஜ் ஏற வரிசையில் நிற்கிறது. சராசரியாகப் பத்து கம்ப்ரஸர் ஓடிய குடியிருப்பில் இப்போது முப்பதும் ஓட வேண்டும். மூன்று மடங்கு இழுப்பு! சாதாரண மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பது தனி. ஃபியூஸோ ரிலேவோ தன் வேலையைச் செய்து கரெண்ட்டைத் துண்டித்துவிடுகிறது. பழுது ஏதும் புதிதாக வரவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டதுதான் காரணம். அதனால்தான் லைன்மேன்கள் பகுதி பகுதியாகப் பிரித்து, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கரெண்ட் கொடுப்பார்கள்.

ஏசியிலும் ஸ்டெபிலைசரிலும் மூன்று நிமிடத் தாமதம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது இருப்பது கம்ப்ரஸரைக் காப்பாற்ற. நின்றவுடன் கேஸின் அழுத்தம் இருபக்கமும் சமமாக நேரம் வேண்டும், இல்லையென்றால் மோட்டார் திணறும். ஆனால் எல்லோருக்கும் அதே மூன்று நிமிடம் என்பதால், கரெண்ட் வந்து மூன்றாவது நிமிடம் எல்லா ஏசியும் சேர்ந்து கிளம்புகின்றன. சில தெருக்களில் கரெண்ட் வந்ததும் நன்றாக நின்று, பிறகு திடீரென்று போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவழியாகக் கரெண்ட் நிலைத்துவிட்டால் பழைய ஒழுங்கு தானாகத் திரும்புகிறது. ஒரு வீட்டில் பால் பாத்திரத்தைச் சூடு ஆறுவதற்குள் உள்ளே வைக்கிறார்கள். அடுத்த வீட்டில் பிள்ளைகள் ஐஸ் தண்ணீருக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். மேல் மாடியில் வயதானவர் ஒருவர் மட்டும், ஃப்ரிட்ஜ் பாதி காலி. ஒவ்வொரு கம்ப்ரஸரும் வெவ்வேறு நேரத்தில் நிற்கிறது, வெவ்வேறு நேரத்தில் கிளம்புகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் கலைந்து, முப்பதில் பத்து என்கிற கணக்கு மீண்டும் வந்துவிடும்.

மினசோட்டா பெட்டிக்குள் இருக்கும் சாமர்த்தியமும் இப்படிக் கலைத்துப் போடுவதுதான். அணைப்பது சுலபம். ஆயிரம் ஹீட்டர்களை ஒரே நொடியில் திரும்பப் போட்டால், சாயங்காலம் தவிர்த்த உச்சம் இரவில் இன்னும் பெரிதாக முளைக்கும். அதனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் வீடுகளைக் குழுக்களாகப் பிரித்தோ, ஒவ்வொரு பெட்டிக்கும் தற்செயலாக ஒரு தாமதம் கொடுத்தோ, சிறிது சிறிதாகப் போடுகிறார்கள். தொட்டி பெரியதாக இருந்தால் இரவில் ஏற்றிய சூடு மறுநாள் முழுக்கத் தாங்கும். யாரும் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டியதில்லை.

சென்னையில் நமக்கு வெந்நீர் பெரிய செலவில்லை. மினசோட்டாத் தொட்டிக்கு இணையாக இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி! சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டார் பெரும்பாலும் காலை ஆறரைக்கும் சாயங்காலமும்தான் ஓடுகிறது, வாட்ச்மேனுக்கு அதுதான் பழக்கம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். தொட்டி ஒரு நாள் தேவைக்குப் போதுமென்றால் நண்பகலில் ஏற்றுவதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் சூரிய மின்சாரம் உச்சத்தில் இருக்கும். வாஷிங் மெஷினும் அப்படியே. கோடையில் சென்னையின் நெருக்கடி பகலோடு முடிவதில்லை, எல்லா ஏசியும் ஓடும் பின்னிரவு வரை நீள்கிறது. மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் அசோசியேஷன் செய்யக்கூடிய உதவி ஒரு டைமர் வாங்கி மாட்டுவது.

ஆனால் இதனால் உங்கள் பில் குறையாது. இங்கே வீட்டு இணைப்புக்கு நேரத்தைப் பொறுத்த கட்டணம் இல்லை, யூனிட் கணக்குதான். பில்லைக் குறைக்க யூனிட்டைத்தான் குறைக்க வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுற்று வட்டாரம். ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை போய்விடுகிறது. 2022 செப்டம்பர் கட்டணத்தில் கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! விலைகள் பிறகு கூடியிருந்தாலும் 500-ல் இருக்கும் இந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது.

ப்ளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஆன்லைனில் விற்கும் பெட்டிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பொதுவாக உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். கெபாசிட்டர் மின்னோட்டத்தின் கட்டத்தை, அதாவது மின்னழுத்தத்துக்கு அது முந்துவதையோ பிந்துவதையோ, மாற்றலாம். வீட்டு மீட்டர் அளப்பதோ உண்மையில் செலவான ஆற்றலை. கண் திருஷ்டிக்குக் கட்டும் படிகாரத்தை நம்புவதற்கும் இதை நம்புவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. படிகாரமாவது விலை மலிவு.

நம் ஊர் ஆய்வாளர்கள் இந்தப் பிரச்சினையை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். நெருக்கடி வந்தால் ஒரு பகுதியை முழுக்க இருட்டாக்குவதற்குப் பதில், ஒவ்வொரு வீட்டிலும் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் 100 வாட் தொடர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டை சென்னை ஐஐடி உருவாக்கியது. இருநூறு வீட்டில் புழுக்கத்தில் கிடக்கும் குழந்தைகளுக்கு ஒரு ஃபேன் ஓடினால் போதும். இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் பொதுப்பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய மின்நிலையத்துக்கு எளிதில் பணம் ஒதுக்குகிறோம். ஒரு தெருவின் உச்சத்தைத் தட்டையாக்கும் ஆராய்ச்சி ஒவ்வொரு ரூபாய்க்கும் மன்றாட வேண்டியிருக்கிறது.

ஏசி தயாரிப்பாளர்களுக்கும் விதி வகுப்பவர்களுக்கும் ஒரு கோரிக்கை. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று ஆற்றல் திறன் செயலகம் விதி கொண்டுவந்தது, எல்லோரும் பின்பற்றினார்கள். அதே மாதிரி, மின்தடைக்குப் பிறகான அந்த நிலையான மூன்று நிமிடத்தை மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையே தற்செயலான ஒரு நேரமாக மாற்றச் சொல்லலாம். ஏசிக்குள் ஏற்கெனவே கணிப்பொறிச் சில்லு இருக்கிறது, மென்பொருளில் சில வரிகள் சேர்த்தால் போதும். அது வரும்வரை அந்த வேலையை நாமே கையால் செய்யலாம்: கரெண்ட் போனதும் ஏசியின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், வந்ததும் முதல் தளத்தார் ஐந்து நிமிடம், இரண்டாம் தளத்தார் பத்து நிமிடம், மூன்றாம் தளத்தார் பதினைந்து நிமிடம் கழித்துப் போடுவது என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.