‘பழகிப்போச்சு சார்’ என்பவர்களுக்கு

கிரானைட் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் காது டாக்டரிடம் தானாக வருவது அபூர்வம். வீட்டுக்காரம்மா இழுத்து வந்தால்தான் உண்டு. பர்கூர் பக்கமிருந்து சமீபத்தில் வந்தவரும் அப்படித்தான். “டிவியை அலற விடுறாரு, ராத்திரி தூக்கமில்ல, சொன்னது எதுவும் ஞாபகமில்ல, கேட்டா எரிஞ்சு விழுறாரு” என்று அந்த அம்மா அடுக்க, அவர் சிரித்துக்கொண்டே, “கட்டர் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு சார்” என்றார். கேட்புப் பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸுக்கு நேரே கோடு பள்ளத்தில் கிடந்தது; இரைச்சல் கெடுத்த காதின் அடையாளம் அது.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வசனம் இது. பழகவில்லை ஐயா. ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் உள்காதின் மயிரணுக்கள் செத்துப்போனதால் சத்தம் குறைவாகக் கேட்கிறது, அவ்வளவுதான். அவை திரும்ப முளைக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாயங்காலம் காது அடைத்தது, இப்போது அடைப்பதில்லை என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அடைப்பதற்குக் காதில் மிச்சம் என்ன இருக்கிறது?

சரி, காதோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் எலிகளைத் தினம் 4 மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். 30 நாள் முடிவில் ஞாபகத்துக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸிலும் முன்மூளையின் ஒரு பகுதியிலும் நரம்பணுக்களின் கிளைகள் குறைந்திருந்தன. ஞாபகத்தைச் சோதிக்கும் எட்டு வழிப் புதிர்ப்பாதையில் எலிகள் தடுமாறின. கார்டிகோஸ்டிரோன் என்ற மனஅழுத்த ஹார்மோன் 30ஆம் நாளும் ஏறியே இருந்தது. எலிக்கே பழகவில்லை! 1990இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், சத்தமே இல்லாமல் அந்த ஹார்மோனை மட்டும் எலிகளுக்கு 21 நாள் ஊசியாகப் போட்டார்கள். அப்போதும் ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கின.

நமக்கு அந்த ஹார்மோனின் இடத்தில் இருப்பது கார்டிசால். எலி மனிதன் இல்லை என்பதும் உண்மை. ‘சத்தம் மூளையைத் தின்னும்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அப்புறம், ஹார்மோன் கெட்டது என்று படித்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து. ஆனால் தொப்பூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலை ஓரம் படுப்பவர்களுக்கு ஒன்று: ஏர் ஹாரனுக்கு நீங்கள் விழிக்காவிட்டாலும் இதயத்துடிப்பு எகிறத்தான் செய்கிறது. படுக்கையையாவது சாலைக்கு எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள்.

பட்டறையில் பஞ்சு வைப்பது வீண். காதை முழுதாக மூடும் கவசம் வேண்டும், ஷிஃப்ட் முழுக்க. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறதென்றால் அந்த இடம் காதுக்கு ஆகாது. சட்டப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம்தான். 95 ஆனால் 4 மணி நேரம். காது இரைந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

திருவிழாக் கமிட்டிக்காரர்களே, இரவு 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அனுமதி. குழந்தைகளை ஸ்பீக்கர் பெட்டி முன்னால் நிறுத்தி ஆடவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலைக்குச் சேரும்போதே ஒரு கேட்புப் பரிசோதனை, பிறகு வருஷம் ஒன்று. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சட்டத்தில் தொழில்நோய்; நஷ்டஈடு கேட்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.